நோயை மறைக்காதீர்கள், துணியைக் கேளுங்கள்!

பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓர் அம்மாவை அண்மையில் சந்தித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்வெட்டிய கை. வயது 60-ஐத் தாண்டிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம் வருகிறது. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கிப் போகிறது. கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, இது நெஞ்சு சம்பந்தப்பட்டது என்று கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே 'எக்கோ' என்னும் இருதய ஸ்கேனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். மகன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு காரில் கூட்டிப் போனார்.

ஆனால் அந்த அம்மா ஸ்கேன் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டார்.

"ஏம்மா?" என்று கேட்டோம். முதலில் பதில் இல்லை. மருமகள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என்னத்த சொல்றது தம்பி! உள்ள ஒரு பையன், என் பேரன் வயசு இருக்கும். மேல் துணியெல்லாம் கழட்டிட்டுப் படுங்கன்னு கையைக் காட்டினான். மூடிக்கிறதுக்கு ஒரு துணி இல்ல. கதவு வேற திறந்து திறந்து மூடுது. எனக்கு மாலுவா போச்சு. தலை சுத்துது, இன்னொரு நாளைக்கு வர்றேன்னு சொல்லி எழுந்து வந்துட்டேன். மகன்கிட்ட மிஷின் கெட்டுப் போச்சுன்னு சொல்லிட்டேன்."

இதைச் சொல்லும்போது அந்த அம்மா ஏதோ குற்றம் செய்தவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலைதான் நம்மை இதை எழுத வைத்தது. பெயர் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி என்பதும் வேண்டாம். இது ஓர் அம்மாவின் கதை மட்டும் அல்ல. லிங்கியிலும் ரந்தாவிலும் கோலப்பிலாவிலும் ஜெமாஸிலும் இதே காரணத்துக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

யார் மேல் தப்பு?

"படிக்காத ஜனங்க, இந்தக் காலத்துல போய் வெட்கப்பட்டுக்கிட்டு..." என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஊரார் முன்னே சேலை விலகினால் இழுத்து மூடிக்கொள்ளும் மானம், ஆஸ்பத்திரி வாசலில் செருப்போடு கழற்றி வைக்கும் பொருளா? இல்லை. கூச்சம் தப்பே இல்லை.

ஆனால் அந்தக் கூச்சத்தை வாய்விட்டுச் சொல்லாமல், எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறோமே, அதுதான் ஆபத்து. டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோயை மறைப்பது வேறு, உடம்பை மூடிக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். உடம்பை மூடிக்கொண்டே நோயைக் காட்ட முடியும். அதற்கு ஒரு துணி போதும். துணியைக் கேட்க ஒரு வாய் வேண்டும்.

மரியாதையால் பிறந்த குழல்

தோட்டத்து டிரஸர் ஐயா கழுத்தில் தொங்கிய அந்தக் குழலை நாம் எல்லாரும் அறிவோம். ஸ்டெதாஸ்கோப் என்கிற அந்தக் கருவி எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு பெண்ணின் மானத்தை ஒரு டாக்டர் மதித்ததால் பிறந்தது.

1816-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரம். நெக்கர் ஆஸ்பத்திரியில் ரெனே லாயென்னெக் என்று ஒரு டாக்டர். அந்தக் காலத்தில் இருதயத் துடிப்பைக் கேட்க வேண்டுமானால், டாக்டர் தம் காதை நோயாளியின் நெஞ்சிலே நேராக வைத்துத்தான் கேட்க வேண்டும். இருதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தாள். கொஞ்சம் பருத்த உடம்பு. நெஞ்சைத் தட்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. காதை வைத்துக் கேட்கலாம் என்றால், அவளோ இளம்பெண். அது முறையல்ல என்று டாக்டர் நினைத்தார்.

"இது வைத்தியம், இதில் என்ன வெட்கம், படு" என்று அவர் அதட்டவில்லை. யோசித்தார். ஒரு நீளக் கட்டையின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்தவனுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த காகிதத்தை எடுத்து இறுகச் சுருட்டினார். ஒரு முனையை அந்தப் பெண்ணின் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். காதை நேராக வைத்துக் கேட்பதைவிட இருதயத் துடிப்பு இன்னும் தெளிவாகக் கேட்டது! பிறகு அதையே மரக்குழலாகச் செய்தார். 1819-இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதி வெளியிட்டார்.

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணின் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்ததால் வைத்தியம் கெட்டுப் போகவில்லை. முன்பைவிட நன்றாகக் கேட்டது. அப்படியிருக்க, "துணி கொடுத்தால் வேலை நடக்காது" என்று இன்றைக்கு யாராவது சொன்னால், நாம் நம்ப வேண்டியதில்லை.

கப்பல் பட்டறையிலிருந்து நெஞ்சுக்கு

எக்கோ ஸ்கேனுக்கும் ஒரு கதை உண்டு. 1953-இல் சுவீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊரில் இங்கே எட்லர் என்ற இருதய டாக்டரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானியும் சேர்ந்து இதைத் தொடங்கினார்கள். கப்பல் கட்டும் பட்டறையில், இரும்புக்குள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதை இரவல் வாங்கி வந்து மனித நெஞ்சிலே வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இருதயம் அசைவது திரையிலே தெரிந்தது.

நம் காது வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். எக்கோ கருவி அனுப்பும் ஒலி பல இலட்சம் அதிர்வு கொண்டது. அந்த ஒலி இருதயத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா, அது மாதிரி. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஊசி கிடையாது. வலி கிடையாது, கருவியைக் கொஞ்சம் அழுத்தும்போது நெருடும், அவ்வளவுதான். கர்ப்பிணிப் பெண்ணுக்கும் எடுக்கலாம்.

இருதயத்தின் கதவுகளான வால்வுகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா, சதை பலமாகத் துடிக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரியும். சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து, அது வால்வைக் கெடுத்துவிடும். ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில் அந்தத் தொண்டைப் புண் எளிதாகப் பரவும். பழைய லயத்து வாழ்க்கை எப்படி இருந்தது என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெட்டுப் போன வால்வு பல வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பெண் கர்ப்பமாகி உடம்பில் இரத்தம் கூடும்போது திடீரென்று மூச்சுத் திணறலாக வெளிப்படும். தாயும் பிள்ளையும் ஆபத்தில் நிற்கும் நேரம் அது. முன்கூட்டியே எக்கோ எடுத்திருந்தால் டாக்டர் தயாராக இருப்பார்.

இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் இருதயத்தைக் கெடுக்கும் மற்ற இரண்டு எதிரிகள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். ஆகவே இது யாரோ ஒருவருக்கு வரும் நோய் அல்ல. நம் வரிசையிலேயே, அடுத்த வீட்டிலேயே இருக்கும் நோய்.

அறைக்குள் என்ன நடக்கும்?

என்ன நடக்கப் போகிறது என்று தெரியாததால்தான் பாதிப் பயம். ஆகவே விவரமாகச் சொல்கிறோம்.

மேல் துணியை ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? இந்த ஒலி காற்றைத் தாண்டிப் போகாது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருக்கும், படம் தெரியாது. அதனால்தான் தோலில் குளிர்ச்சியான பசை தடவி, அதன்மேல் கருவியை வைக்கிறார்கள். காரணம் இதுதான், வேறொன்றும் இல்லை.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரல் ஒதுங்கி, இருதயம் நெஞ்சுக்கூட்டின் அருகே வரும். துடிப்பைக் கணக்கிட நெஞ்சில் மூன்று சிறு வில்லைகளை ஒட்டுவார்கள். திரை நன்றாகத் தெரிய விளக்கை மங்கலாக்குவார்கள். இருட்டாகிறதே என்று பயப்பட வேண்டாம். இடையிலே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். மெஷினிலிருந்து 'வுஷ் வுஷ்' என்று ஒரு சத்தம் வரும். அது உங்கள் இரத்தம் ஓடும் சத்தம்தான். எல்லாம் முடிய அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம்.

கருவியை வைக்கும் இடங்கள் பொதுவாக நான்கு. நெஞ்செலும்பின் இடப்பக்கம் ஒன்று. இடது மார்புக்குக் கீழே ஒன்று. விலா எலும்பு முடியும் வயிற்று மேட்டில் ஒன்று. தொண்டைக் குழியில் ஒன்று. இதைக் கவனியுங்கள்: ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் கருவி இருக்கும். அந்த இடம் மட்டும் திறந்திருந்தால் போதும்; மற்ற இடமெல்லாம் துணியால் மூடியிருக்கலாம். வலது மார்பைத் திறந்து போட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. இடது மார்பைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தால், "நானே தூக்கிப் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

தாலியைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். எக்கோவுக்குப் பொதுவாகத் தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. கயிறானாலும் சங்கிலியானாலும் தோள் பக்கமாக ஒதுக்கி வைத்தால் போதும். எக்ஸ்ரேயும் காந்த ஸ்கேனும் வேறு சங்கதி. அங்கே உலோகத்தைக் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும்.

நமக்கு என்ன உரிமை?

இது யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. 1995-இல் பயனீட்டாளர் சங்கங்களின் சம்மேளனமான ஃபோம்காவும், மலேசிய மருத்துவர் சங்கமும், பல் மருத்துவர், மருந்தாளர் சங்கங்களும் சேர்ந்து நோயாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றில் கையெழுத்திட்டன. பேதம் பாராமல், கவனத்தோடும் மரியாதையோடும் கண்ணியத்தோடும் நடத்தப்படுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அதில் இருக்கிறது. ஏழை, பணக்காரன், தோட்டத்தான், டவுன்காரன் என்ற பிரிவு அதில் இல்லை.

மலேசிய மருத்துவ மன்றமும் டாக்டர்களுக்கு வழிகாட்டி வகுத்திருக்கிறது. நோயாளி பெண்ணானாலும் ஆணானாலும் குழந்தையானாலும், பரிசோதிக்கும்போது பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் ஒரு துணையாள் அறையில் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இந்த ஏற்பாடு நோயாளியைக் காப்பாற்றுவது போலவே டாக்டரையும் வீண்பழியிலிருந்து காப்பாற்றுகிறது. ஆகவே துணைக்கு ஆள் கேட்டால், "நம்மைச் சந்தேகப்படுகிறாளே" என்று நல்ல டாக்டர் யாரும் கோபிக்க மாட்டார்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் எடுக்கும் பையனும் கெட்டவன் அல்ல. காலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பார்க்கிறான். அவனுக்கு அது இருதயம். திரையில் ஓடும் ஒரு படம். ஆனால் அவனுக்கு அது நாற்பதாவது இருதயமாக இருந்தாலும், படுத்திருக்கும் அம்மாவுக்கு இதுதான் முதல் தடவை. அதை நினைவுபடுத்த வேண்டியது நம் வாய்தான்.

என்ன கேட்பது? எப்படிக் கேட்பது?

முதலாவது, உடை. நைட்டி, சுரிதார் போலத் தலைவழியாகக் கழற்றும் உடை வேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும் கைலியும் நல்லது. சேலை இன்னும் நல்லது. இரவிக்கையை மட்டும் திறந்துவிட்டு முந்தானையாலேயே மூடிக்கொள்ளலாம். பையில் ஒரு பெரிய துண்டோ பாத்தேக் கைலியோ எடுத்துப் போங்கள். அங்கே துணி கொடுக்காவிட்டாலும் நம் துணி நம்மிடம் இருக்கும். பசையைத் துடைக்கவும் உதவும்.

இரண்டாவது, துணைக்கு ஒரு பெண். மகளோ, மருமகளோ, பக்கத்து வீட்டு அக்காவோ. மகனோடு போனால் அம்மா வாயைத் திறப்பதில்லை. இதுதான் நாம் கண்டது.

மூன்றாவது, படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். படுத்த பிறகு வாய் வராது. மலாய் வராவிட்டால் இந்த மூன்று வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

"மிஸி, சாயா மாலு. போலே பகி காயின் துத்துப் பாடான்?" - மிஸி, எனக்குக் கூச்சமாக இருக்கிறது, உடம்பை மூட ஒரு துணி கொடுக்க முடியுமா?

"அடா ஸ்டாஃப் பெரெம்புவான்?" - ஸ்கேன் எடுக்கப் பெண் ஊழியர் இருக்கிறாரா?

"போலே மிஸி தெமான் சாயா?" - மிஸி என்னோடு துணைக்கு இருக்க முடியுமா?

பெண் ஊழியர் எல்லா நாளும் இருக்க மாட்டார். இல்லையென்றால் துணைக்கு ஒரு மிஸியைக் கேளுங்கள், அல்லது பெண் ஊழியர் இருக்கும் வேறொரு நாளை அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். தேதி வாங்காமல் திரும்பி வராதீர்கள். பயிற்சி மாணவர்கள் உள்ளே நின்றால், "அவங்க வெளியே இருக்கட்டும்" என்று சொல்லவும் உங்களுக்கு இடமுண்டு.

ஆனால் ஒன்று. நெஞ்சு அடைக்கிறது, வியர்வை கொட்டுகிறது, மூச்சு நிற்பது போலிருக்கிறது என்றால் அது அவசரம். அப்போது ஆணா பெண்ணா என்று பார்க்காதீர்கள். 999-க்குப் போன் போடுங்கள். உயிர் இருந்தால்தான் மானத்தைக் காப்பாற்ற முடியும்.

நான்காவது, மரியாதை இல்லாமல் நடத்தினால் சும்மா விடாதீர்கள். அங்கே சண்டை போடவும் வேண்டாம். நாள், நேரம், அறை எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி டைரக்டருக்குக் கடிதம் கொடுங்கள். தனியார் ஆஸ்பத்திரியானால், 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டப்படி நோயாளிகளின் குறையைக் கேட்க அங்கே ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும். மலாயில் எழுத வராதா? தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ கேளுங்கள். சம்பளக் குறைக்கு எழுதும் பேனா இதற்கும் எழுதும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

அண்ணன்மார்களே, கூச்சம் உங்களுக்கும் உண்டு. வயசான தாத்தாவைச் சட்டையில்லாமல் குளிர்சாதன அறையில் அரைமணி நேரம் படுக்க வைத்தால் அவருக்கும் அது அவமானம்தான். அவருக்கும் ஒரு போர்வை கேளுங்கள்.

அதைவிட முக்கியம், வீட்டுப் பெண்களிடம் "ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உள்ள நல்லபடியா நடத்தினாங்களா?" என்றும் கேளுங்கள். சில வீடுகளில் "ஆம்பள டாக்டரா? வேணாம், வா போகலாம்" என்று கணவரே தடுத்துவிடுகிறார். அது மானத்தைக் காப்பது ஆகாது. கதவருகே நின்று, துணி கொடுத்தார்களா, மிஸி உள்ளே இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டு மனைவியைத் தைரியமாக உள்ளே அனுப்புவதுதான் காப்பது.

இரண்டாம் முறை

பகாவ் அம்மாவின் கதைக்கு வருவோம். நடந்ததை மருமகளிடம் சொல்லும்படி நாம்தான் கேட்டுக்கொண்டோம். மருமகள் திட்டவில்லை. "ஏன் அத்தை அப்பவே என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாராம். மறுபடியும் நாள் வாங்கி, இந்தத் தடவை மருமகள் கூடப் போனார். பையில் ஒரு பாத்தேக் கைலி. உள்ளே அதே பையன்தான் இருந்தானாம். மருமகள் சொல்வதற்குள் அத்தையே "சாயா மாலு" என்று சொல்லிவிட்டார். பையன் எழுந்து போய் ஒரு மிஸியைக் கூட்டி வந்தான், கதவைச் சாத்தினான், கைலியைப் போர்த்திவிட்டு, கருவி வைக்கும் இடத்தை மட்டும் விலக்கி, ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வைத்தான்.

"நல்ல பையன்தான் தம்பி. அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பான்போல" என்கிறார் அந்த அம்மா இப்போது.

இருதயம் பலவீனமாகத்தான் இருக்கிறதாம். புது மருந்து கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் முதல் தடவை திரும்பி வந்த நாளுக்கும் இரண்டாம் தடவை போன நாளுக்கும் நடுவே நாலு மாதம் போய்விட்டது. மருந்தில்லாமல் அந்த இருதயம் துடித்த நாலு மாதம். ஒரு துணியைக் கேட்காததற்கு நாம் கொடுத்த விலை அது.

இதைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பாட்டிக்கும் இன்று சாயங்காலம் வாசித்துக் காட்டுங்கள். அந்த மூன்று மலாய் வரியை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.